வெடிக்கும் கீரை: பிட்டர்கிரெஸ் வளர்ப்பும் சமையலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிட்டர்கிரெஸ் என்பது என்ன செடி?

கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சின்னஞ்சிறு காட்டுச் செடி. தாவரவியல் பெயர் கார்டமைன் ஹிர்சூட்டா. தொட்டி ஓரம், நடைபாதை இடுக்கு, சுவரடி, நாற்றங்கால் என ஈரமும் கொஞ்சம் வெறும் மண்ணும் கிடைக்கிற இடத்திலெல்லாம் முளைக்கும். ஐரோப்பாவும் அதை ஒட்டிய மேற்காசியப் பகுதிகளும் இதன் பூர்வீகம். இன்று உலகத்தின் பெரும்பகுதியில் களையாக இருக்கிறது. செடிகளோடும் தொட்டி மண்ணோடும் ஒட்டிக்கொண்டே ஊர் ஊராகப் போயிருக்கிறது.

பெரும்பாலான தோட்டக்காரர்களுக்கு இது பிடுங்கி எறிய வேண்டிய களை. எனக்கும் சில ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. பிடுங்கும்போது கசங்கிய இலையின் வாசனை முள்ளங்கிக் கீரையை நினைவூட்ட, ஒன்றைக் கழுவி வாயில் போட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகும் பிடுங்கிக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் கூடைக்குள்.

பெயரில் 'பிட்டர்' இருக்கிறதே, கசக்குமா?

கசக்காது. இளம் இலையில் இருப்பது காரம், அதுவும் மென்மையான காரம். முற்றிய இலையில் லேசான கசப்பு தட்டும், அவ்வளவுதான். பெயர் வைத்தவர் முற்றிய செடியைத் தின்றிருப்பார் போலும்.

'ஹிர்சூட்டா' என்ற லத்தீன் சொல்லுக்கு மயிர் அடர்ந்தது என்று பொருள். அதுவும் மிகைதான். இலையின் மேற்புறத்தில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற சில பூனைமயிர்கள் இருக்கும். வாயில் உறுத்தாது.

'கார்டமைன்' என்றதும் சிலர் ஏலக்காயா என்று கேட்கிறார்கள். கிரேக்கத்தில் கிரெஸ் எனப்படும் காரமான சிறு இலைக் கீரைக்குக் கார்டமோன் என்று பெயர். ஏலக்காயின் ஆங்கிலப் பெயரும் அந்தச் சொல்லோடு இன்னொன்று சேர்ந்து பிறந்ததுதான். சொல்லளவில் உறவு உண்டு, செடியளவில் இல்லை.

எப்படி அடையாளம் காண்பது?

இதற்கு மட்டும் அவசரப்படாதீர்கள். ஒரே ஒரு அடையாளத்தை நம்பாமல், கீழிருந்து மேலே வரிசையாகப் பாருங்கள்.

முதலில் தரை மட்டம். இலைகள் மையத்திலிருந்து வட்டமாக, தட்டுப் போலப் பரவியிருக்கும். ஒவ்வோர் இலையும் ஒரு நடுக்காம்பு, அதன் இருபுறமும் சோடி சோடியாகச் சிறு உருண்டைச் சிற்றிலைகள், நுனியில் எல்லாவற்றையும்விடப் பெரியதாக ஒன்று. நுனிச் சிற்றிலை சிறுநீரக வடிவத்தில் இருக்கும். முளைத்த புதிதில் வரும் முதல் இலைகள் சிற்றிலை இல்லாத ஒற்றை வட்டங்கள். அடுத்தடுத்து வருபவற்றில் ஒரு சோடி, இரண்டு சோடி என்று கூடிக்கொண்டே போகும். ஒரே செடியில் இந்தப் படிநிலைகளை வெளியிலிருந்து உள்ளே எண்ணிப் பார்க்கலாம்.

பிறகு தண்டு. மெல்லியது, பெரும்பாலும் மயிரற்றது. பொதுவாக ஒரு சாணுக்குள் நின்றுவிடும், செழித்தால் 30 செ.மீ. தண்டிலுள்ள இலைகள் கீழிலைகளைவிடக் குறைவு, சிற்றிலைகளும் ஒடுங்கியவை.

உச்சியில் மிகச் சிறிய வெள்ளைப் பூக்கள். அவற்றை ஒட்டி, தண்டோடு இணையாக நிமிர்ந்து நிற்கும் ஊசி போன்ற காய்கள். இந்தக் காய்கள் வளர்ந்து பூக்களையே தாண்டி மேலே போய்விடும். பூங்கொத்தைச் சுற்றி வேலி போட்டது போலத் தெரியும். எனக்குத் தெரிந்தவரை தூரத்திலிருந்தே இதைக் காட்டிக்கொடுப்பது இந்தத் தோற்றம்தான்.

கடைசியாக மூக்கு. இலையைக் கசக்கினால் முள்ளங்கி, கடுகு வகையைச் சேர்ந்த மணம் வர வேண்டும்.

கடுகுக் குடும்பப் பூவில் நான்கு இதழ் இருக்கும் என்பார்கள். என் செடியில் இரண்டுதான் இருக்கிறது. வேறு செடியா?

வேறு செடியாக இருக்க வேண்டியதில்லை. இந்தச் செடியின் விசித்திரங்களில் இதுவும் ஒன்று. இதழ்களின் எண்ணிக்கை சுழியம் முதல் நான்கு வரை மாறும், ஒரே செடியிலேயே.

கைவில்லை (சிறு உருப்பெருக்கி) இருந்தால் பூவின் கேசரங்களை, அதாவது மகரந்தத் தாள்களை, எண்ணிப் பாருங்கள். கடுகுக் குடும்பத்தில் வழக்கமாக ஆறு கேசரங்கள் இருக்கும். இதில் பக்கவாட்டில் உள்ள இரண்டு பெரும்பாலும் வளர்வதில்லை, நான்கே இருக்கும். ஆறும் இருந்து, தண்டு வளைந்து வளைந்து மயிரோடு இருந்தால் அது கார்டமைன் ஃபிளெக்ஸுவோசா என்ற உறவுச் செடியாக இருக்கலாம். இன்னும் ஈரமான இடத்தை விரும்புவது. அதையும் உண்ணலாம் என்பதால் சமையலறைக்கு இந்த வேறுபாடு முக்கியமில்லை.

விஷச் செடி எதனுடனாவது குழம்ப வாய்ப்புண்டா?

பூத்தபின் குழப்பம் அரிது. தட்டு இலைப் பருவத்தில்தான் கவனம் வேண்டும்.

செனீசியோ இனத்துக் களைகளின் இளஞ்செடிகளும் தரையோடு பரவி, வெட்டு வெட்டான இலைகளோடு இருக்கும். அவற்றில் கல்லீரலைக் கெடுக்கும் ஆல்கலாய்டுகள் உண்டு. அவற்றின் இலை ஒரே இலையாக ஓரம் கிழிந்தது போல இருக்கும். நடுக்காம்பில் கோத்த தனித்தனி உருண்டைச் சிற்றிலைகள் இருக்காது. கசக்கினால் கடுகு மணமும் வராது.

கிள்ளினால் பால் வடிந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். யூஃபோர்பியா வகைச் சிறு களைகளின் பால் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். பிட்டர்கிரெஸில் பால் கிடையாது.

ஓடைக்கரை, நீர்நிலை ஓரம் என்றால் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். கொத்தமல்லிக் குடும்பத்தில் உயிரைக் கொல்லும் ஹெம்லாக் வகைகள் அங்கே வளரக்கூடும், இளம் இலையில் கிரெஸ் செடிகளோடு கலந்தே நிற்கும். நீரோரச் செடிகளைப் புதியவர்கள் பறிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு பிடி கீரைக்கு அந்தச் சோதனை தேவையில்லை.

வெளியில் முளைத்ததைப் பறித்துச் சாப்பிடலாமா?

செடி நல்லதுதான், இடம் நல்லதா என்பதே கேள்வி. சாலையோர மண்ணில் பழைய ஈயம் படிந்திருக்கலாம். நாய்கள் போகும் பாதை, களைக்கொல்லி தெளிக்கும் நடைபாதை, பழைய சாயம் உரிந்து விழுந்த சுவரடி எல்லாமே விலக்கு. செடி தரையோடு ஒட்டி வளர்வதால் மண்ணும் அதில் உள்ளவையும் இலையில் நேரடியாகப் படியும்.

ஆடு மாடு மேயும் இடத்திலோ, அங்கிருந்து நீர் வடிந்து வரும் இடத்திலோ வளர்ந்ததைப் பச்சையாக உண்ணக் கூடாது. கல்லீரல் தட்டைப்புழுவான ஃபாசியோலாவின் நுண்கூடுகள் ஈரநிலச் செடிகளின் இலையில் ஒட்டியிருக்கும். நீரில் வளரும் உறவுக் கீரையான காட்டு வாட்டர்கிரெஸைப் பச்சையாகத் தின்று மனிதர்களுக்கு இந்தப் புழு தொற்றுவது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். கழுவினால் போகும் என்று நம்ப முடியாது. நன்றாகச் சமைத்தால்தான் அழியும். சமைத்தால் இந்தக் கீரையின் அழகே போய்விடும் என்பதால், தொட்டியில் வளர்ப்பதே மேல்.

விதை எங்கே கிடைக்கும்?

விதைப் பொட்டலமாக இது அபூர்வம். ஏற்கெனவே ஒரு செடி உங்கள் கண்ணில் பட்டிருந்தால் விதை உங்களிடம் இருக்கிறது என்றே அர்த்தம். சரியாக அடையாளம் கண்ட ஒரு செடியைச் சிறிதாக இருக்கும்போதே வேர் மண்ணோடு பெயர்த்துத் தொட்டியில் வையுங்கள். தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் செடி என்பதால் ஒன்று போதும்.

புது விதையை உடனே விதைத்தேன். ஒரு மாதமாகியும் முளைக்கவில்லை. ஏன்?

விதை உறங்குகிறது. இயல்பில் இது குளிர்காலத்துச் செடி. வசந்தத்தில் விதை தெறித்து, கோடை முழுக்க மண்ணில் கிடந்து, வெயில் தணிந்து ஈரம் வந்ததும் முளைக்கும். பனியைப் பொறுத்துக்கொண்டு தட்டு இலையாகவே குளிரைக் கடந்து, மீண்டும் பூக்கும். கோடையில் முளைத்துக் கருகாமல் இருக்க விதைக்குள்ளேயே வைத்திருக்கும் பூட்டுதான் இந்த உறக்கம்.

ஆகவே புது விதையைக் காகித உறையில், உலர்ந்த சாதாரண அறையில் இரண்டு மூன்று மாதம் வையுங்கள். விதைக்கும் முன் ஈரத்தாளில் பரப்பி, மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு வாரம் வைத்தால் ஒரே சீராக முளைக்கும். உறைவிப்பான் வேண்டாம்.

எப்படி விதைப்பது, என்ன மண்?

விதை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். மண்ணுக்குள் புதைக்காதீர்கள். ஈரமாக்கிய மண்கலவையின் மேல் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் போதும். தண்ணீரை ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். தெளிப்பானால் தெளியுங்கள், அல்லது தொட்டியைத் தட்டிலுள்ள தண்ணீரில் வைத்துக் கீழிருந்து உறிஞ்ச விடுங்கள்.

பத்து, பன்னிரண்டு செ.மீ. ஆழமுள்ள அகன்ற தொட்டி போதும். வேர் அதிகம் இறங்காது. சாதாரண மண்கலவையில் கொஞ்சம் மட்கிய உரம் கலந்தால் நிறைவு. உரத்தை அள்ளிப் போட்டால் இலை பெரிதாகும், காரம் நீர்த்துப்போகும். வெப்பம் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் இருந்தால் ஒன்று, இரண்டு வாரத்தில் பச்சை தெரியும்.

நெருக்கமாக முளைத்தால் கலைத்துவிடுங்கள். இரண்டு செடிக்கு நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தால் தட்டு இலை நன்றாக விரியும். கலைத்தவற்றைக் கழுவித் தின்னலாம் என்பதால் இந்த வேலையில் சலிப்பே இல்லை.

வெயில் காலத்தில் வளருமா?

வளரும், ஆனால் உங்களுக்காக வளராது. சூடு ஏறினால் நாலு இலை விட்டதும் தண்டை நீட்டிப் பூத்துவிடும். இலை சிறுத்து, நார் பாய்ந்து, கசக்கும். வெப்பம் நீங்காத இடத்தில் இருப்பவர்கள் காலை வெயில் மட்டும் படுமாறு வைத்து, மண் காயாமல் பார்த்துக்கொண்டு, ஒரே ஒரு பறிப்போடு திருப்தி அடையலாம். குளிரான இடத்திலோ இதற்குக் கூரையே வேண்டாம், உறைபனி விழுந்த காலையிலும் பச்சையாக நிற்கும். மற்றக் கீரைகள் ஒடுங்கும் பருவத்தில் இது கிடைப்பதுதான் இதை வளர்ப்பதற்கு முதல் காரணம்.

எப்போது பறிப்பது?

தட்டு இலை உள்ளங்கை அளவு விரிந்ததும், நடுவில் மொட்டு எழும்புமுன். முளைத்ததிலிருந்து நான்கைந்து வாரம் என்று வைத்துக்கொள்ளலாம், குளிரில் இன்னும் நாளாகும். வெளிவட்ட இலைகளைக் காம்போடு கிள்ளி, உள்வட்டத்தை விட்டுவைத்தால் மீண்டும் துளிர்க்கும். இப்படி இரண்டு மூன்று முறை கிள்ளலாம்.

நடுவில் மொட்டு தெரிந்த அன்றே முழுச் செடியையும் வேரோடு எடுத்துவிடுங்கள். பூவும் பிஞ்சுக் காயும்கூட உண்ணக்கூடியவை, கடுகுக் காரம் அவற்றில் சற்றுக் கூடுதல். ஆனால் "இன்னும் இரண்டு நாள் பார்ப்போம்" என்று விட்டுவைத்தவர்களின் கதைதான் அடுத்த கேள்வி.

தொட்டதும் காய் வெடித்துக் கண்ணில் அடித்தது. இது ஏன் இப்படி?

எனக்கும் அடித்திருக்கிறது. குனிந்து களை எடுக்கும்போது முகம் சரியாகக் காய்களின் நேர் மேலே இருக்கும். கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

காய்ந்துபோன நெற்று முறுகி வெடிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். இது அப்படியல்ல. இதன் காய் பச்சையாக, நீர் ததும்ப இருக்கும்போதே வெடிக்கும். ஜெர்மனியின் கொலோன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையத்தில் ஆஞ்சலா ஹே தலைமையிலான குழு இதை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டது. காயின் இரு பக்கச் சுவர்களிலும் வெளித்தோல் செல்கள் நீரழுத்தத்தால் சுருங்க இழுக்கின்றன. உள்ளே லிக்னின் என்ற கட்டைப் பொருளால் ஆன விறைப்பான அடுக்கு அதற்கு இடம் கொடுக்காமல் நிற்கிறது. இழுவிசை ஏறிக்கொண்டே போகிறது. அந்த விறைப்பு அடுக்கின் செல்சுவர் கீல் போல மடங்கும் அமைப்பில் இருக்கிறது. காயின் ஓரப் பிணைப்பு விட்டதும் கீல் விரிந்து தட்டையாகி, சுவர் ஒரே நொடிப்பில் சுருண்டுகொள்கிறது. மணிக்கட்டில் அறைந்தால் சுருண்டு பிடித்துக்கொள்ளும் விளையாட்டு வளையல் இருக்கிறதல்லவா, அதே சூத்திரம்.

சுருள்வதற்கு எடுக்கும் நேரம் சில மில்லி விநாடிகள். விதைகள் விநாடிக்கு 10 மீட்டருக்கும் மேலான வேகத்தில் கிளம்புகின்றன. செடியைச் சுற்றி இரண்டு மீட்டர் வரை போய் விழும். ஒரு காயில் ஏறக்குறைய இருபது விதை, ஒரு நல்ல செடியில் எத்தனையோ காய். கணக்கு எங்கே போகிறது என்று உங்களுக்கே புரியும்.

அப்படியானால் தோட்டமெங்கும் பரவாமல் எப்படித் தடுப்பது?

'காய் காய்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம்' என்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. மேலே சொன்னபடி இதன் காய்க்குக் காயும்வரை பொறுமை கிடையாது. பச்சைக் காய் தடித்து, உள்ளே விதைகள் மணி மணியாகத் தெரிந்தால் அது ஏற்றிவைத்த துப்பாக்கி.

முதல் ஆண்டு நான் ஒரு செடியை, ஒன்றே ஒன்றை, அழகுக்காக விட்டுவைத்தேன். அடுத்த பருவத்தில் வரிசையாக வைத்திருந்த எல்லாத் தொட்டிகளிலும் அது இருந்தது. வெங்காயத் தொட்டியில் வெங்காயத்தைத் தேட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு எனக்கு ஒரே சட்டம்: பூவைப் பார்த்தால் பிடுங்கு.

பிடுங்கியதைத் தரையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். பூவும் பிஞ்சுமாகப் பிடுங்கிய செடி, வேர் அறுந்தபின்னும் தன்னிடமுள்ள ஈரத்தில் விதையை முற்றவைக்கக் கூடும். காய் பிடித்த செடியைக் குறைவான சூட்டில் மட்கும் வீட்டு உரக்குழியிலும் போடாதீர்கள், உரத்தோடு விதையும் தொட்டிக்குத் திரும்பும். காயோடு ஒரு செடியை எடுத்தே ஆக வேண்டுமென்றால், ஈரமாக்கிய ஒரு பையை மேலிருந்து கவிழ்த்து, பையோடு சேர்த்துப் பிடுங்குங்கள்.

வெறும் மண்ணை மூடிவைத்தாலும் பலன் உண்டு. தொட்டி மண்மேல் இரண்டு விரல் கனத்துக்குச் சருகோ மரப்பட்டைத் துண்டோ பரப்பினால், ஒளி படாத இந்தச் சிறு விதைகளில் பல முளைக்காமலே போகும்.

விதை சேகரிக்க வேண்டுமே, அப்போது?

ஒரு செடி, ஒரு தொட்டி, மற்றவற்றிலிருந்து தள்ளி. கீழ்க்காய்கள் தடித்து நிறம் லேசாக மங்கும்போது பூங்கொத்தின்மேல் காகிதப் பையைக் கவிழ்த்து, கழுத்தில் நூலால் கட்டுங்கள். சில நாள் கழித்துப் பையைத் தட்டினால் உள்ளே மழை பெய்வது போல ஒலி கேட்கும். பிறகு தண்டை வெட்டி, பையோடு தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்துங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், வேர்த்துப் பூசணம் பிடிக்கும்.

பூச்சி, நோய்?

பெரிதாக எதுவும் இல்லை. இலையில் குண்டூசித் துளைகள் இருந்தால் தெள்ளு வண்டு. தின்ன ஒரு தடையும் இல்லை, பார்க்கத்தான் அழகு குறைவு. நத்தை இளநாற்றை இரவோடு இரவாக முடித்துவிடும். அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள்.

முட்டைகோஸ், காலிஃபிளவர் பயிரிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றின் வேரைத் தடிக்கவைத்து அழுகச் செய்யும் கிளப்ரூட் நோய்க்கிருமிக்கு இதுவும் புகலிடம் கொடுக்கும். நோய் கண்ட மண்ணில் கோஸை நிறுத்திவிட்டு இந்தக் களையை விட்டுவைத்தால், பயிர்ச் சுழற்சி செய்த பலனே போய்விடும். இலையின் அடியில் வெள்ளைக் கொப்புளம் போலத் தெரிந்தால் அது வெண்துரு என்ற நோய். அந்தச் செடியை எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

பச்சையாகக் காரம், வதக்கினால் சப்பென்று ஆகிறது. நான் என்ன தவறு செய்கிறேன்?

தவறில்லை, இயற்கை அப்படி. இலையில் காரம் ஆயத்தமாக இல்லை. குளுக்கோசினோலேட் என்ற பொருள் ஓரிடத்தில், மைரோசினேஸ் என்ற நொதி வேறிடத்தில். மெல்லும்போதோ நறுக்கும்போதோ செல்கள் உடைந்து இரண்டும் கலக்கின்றன, அப்போதுதான் கடுகெண்ணெய்க் காரம் பிறக்கிறது. இலை தின்னும் பூச்சியை விரட்டச் செடி வைத்திருக்கும் ஆயுதம் அது. சூடு நொதியைச் செயலிழக்கச் செய்துவிடும், பிறந்த காரமும் ஆவியோடு போய்விடும்.

காரம் கூடுதலாக வேண்டுமானால் பொடியாக நறுக்கி ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். குறைவாக வேண்டுமானால் இலையை முழுதாகப் போடுங்கள். சூடான பண்டத்தில் சேர்ப்பதானால் அடுப்பை அணைத்து, பாத்திரத்தை இறக்கி, பரிமாறும் நொடியில் தூவுங்கள்.

எதோடு சேரும்?

கொழுப்போடும் மாவுச்சத்தோடும். அவித்த முட்டை, வெண்ணெய் தடவிய ரொட்டி, பாலாடைக்கட்டி, அவித்து மசித்த உருளைக்கிழங்கு எல்லாமே இதற்கு இணக்கம், காரத்தை மென்மையாக்கிக் கொடுக்கும். உருளைக்கிழங்கு சூப்பைக் கொதிக்கவைத்து இறக்கி, ஒரு பிடி பச்சை இலையைப் போட்டு உடனே அரைத்தால் நிறமும் நிற்கும், காரமும் பாதி நிற்கும். சாலட்டில் இதை மட்டும் போட்டால் சலிக்கும். மென்மையான இலைகளோடு நாலில் ஒரு பங்கு கலந்தால் போதும். புளிப்பையும் எண்ணெயையும் கடைசி நிமிடத்தில் விடுங்கள். இலை மெல்லியது என்பதால் கண்ணெதிரிலேயே துவண்டுவிடும்.

கொட்டைப் பருப்பு, எண்ணெய், உப்பு சேர்த்துப் பச்சையாக அரைத்த விழுதும் நன்றாயிருக்கும். பூண்டு சேர்த்தால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். எண்ணெயில் மூழ்கிய பூண்டை அறை வெப்பத்தில் வைப்பது பாட்டுலிச நஞ்சுக்கு வழி.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பிடி சேர்க்கப் பத்துப் பன்னிரண்டு செடி வேண்டும், வேரடி மண்ணைக் கழுவி எடுப்பதற்குள் பொறுமை போய்விடும். வேரை வெட்டிவிட்டு, அகலப் பாத்திரத் தண்ணீரில் இலையை அலசி, மேலே மிதப்பதை அள்ளி எடுங்கள். தண்ணீரைச் சாய்த்து வடித்தால் அடியில் படிந்த மணல் மீண்டும் இலைக்கே வரும். மூன்று தண்ணீர் மாற்றுங்கள்.

சேமித்து வைக்கலாமா?

ஈரத் துணியில் சுற்றி டப்பாவில் அடைத்தால் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நான்கு நாள். வேரோடு எடுத்துக் குவளைத் தண்ணீரில் நிறுத்தினால் இரண்டு நாள். வெண்ணெயோடு பிசைந்து உறையவைக்கலாம். காயவைப்பது வீண், பச்சைத் தூள்தான் மிஞ்சும்.

சத்து அதிகமா? மருந்துக் கீரையா?

கடுகுக் குடும்பக் கீரைகளில் வைட்டமின் சியும் கேயும் நிறைய உண்டு. இதன் நெருங்கிய உறவான வாட்டர்கிரெஸின் 100 கிராமில் வைட்டமின் சி சுமார் 43 மில்லிகிராம், வைட்டமின் கே சுமார் 250 மைக்ரோகிராம். ஆனால் யாரும் 100 கிராம் கிரெஸ் தின்பதில்லை. தட்டில் விழுவது பத்து, இருபது கிராம். நோய் தீர்க்கும் என்று எழுதுபவர்களை நான் நம்புவதில்லை, நீங்களும் சுவைக்காகவே சாப்பிடுங்கள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள். வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும், எனவே திடீரெனக் கீரையைக் கூட்டும் முன்போ குறைக்கும் முன்போ மருத்துவரிடம் கேளுங்கள். கடுகு ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே வேண்டாம். அயோடின் குறைபாட்டால் தைராய்டு சிக்கல் உள்ளவர்கள் கடுகுக் குடும்பத்துக் கீரையைப் பச்சையாகப் பெருமளவில் நாள்தோறும் தின்னக் கூடாது, எப்போதாவது ஒரு பிடி என்றால் கவலையில்லை. மற்றவர்களும் முதல் முறை நாலு இலையோடு நிறுத்திப் பாருங்கள், எந்தப் புதுக் கீரைக்கும் அதுதான் முறை.

வாட்டர்கிரெஸ், தோட்டக் கிரெஸ், நாஸ்டர்ஷியம்... எல்லாம் ஒன்றா?

கிரெஸ் என்பது ஒரு செடியின் பெயரல்ல, காரமான சிறு இலைகளுக்கெல்லாம் பொதுப்பெயர். வாட்டர்கிரெஸ் ஓடும் நீரில் வேர்விட்டுப் பல்லாண்டு வாழ்வது. இலை தடிப்பு, காரம் கூர்மை. தோட்டக் கிரெஸ் லெபிடியம் இனம். ஹலீம் விதை என்று பலர் அறிந்தது இதன் விதைதான். லேண்ட்கிரெஸ் எனப்படும் பார்பேரியா தரையில் வளரும், இலை பளபளக்கும், இவற்றுள் காரத்தில் மூத்தது.

வாட்டர்கிரெஸின் தாவரவியல் பெயரே நாஸ்டர்ஷியம். தோட்டத்தில் ஆரஞ்சு நிறப் பூப்பூக்கும் நாஸ்டர்ஷியமோ வேறொரு குடும்பம், அதன் பெயர் டிரோபியோலம். இரண்டிலும் ஒரே வகைக் காரம் இருப்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது.

மைக்ரோகிரீனாக, அதாவது முளைத்த சில நாளிலேயே வெட்டும் குருத்துக் கீரையாக, தட்டில் வளர்க்கலாமா?

முடியும், ஆனால் வேண்டாம். விதை தூசு போல, சேகரிப்பது துன்பம், உறக்கம் கலையக் காத்திருக்கவும் வேண்டும். தோட்டக் கிரெஸ் விதையை ஈரத்தாளில் தூவினால் பத்து நாளுக்குள் வெட்டலாம்.

வாங்கி வந்த நாற்றுத் தொட்டியில் தானாகவே இது முளைத்திருக்கிறது. சாப்பிடலாமா?

நாற்றுப் பண்ணைத் தொட்டிகள்தான் இந்தச் செடியின் வாகனம், எனக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. ஆனால் அந்தச் செடியைத் தின்னாதீர்கள். அழகுச் செடிகளுக்குப் போட்ட பூச்சிக்கொல்லி அதே மண்ணிலிருந்து இதற்கும் ஏறியிருக்கும், சில வகை மருந்துகள் செடிக்குள்ளேயே மாதக்கணக்கில் தங்கும். பெயர்த்துத் தனித்தொட்டியில், உங்கள் மண்ணில் வையுங்கள். காகிதப் பை கட்டி விதை எடுங்கள். உறையின்மேல் தேதி எழுதி, இரண்டு மூன்று மாதம் கழித்து விதையுங்கள். அதில் வருவதைத் தின்னலாம்.